பச்சைப் புள்ளிகள்

2046 ஏப்ரல் 17, பகல் ஒன்று நாற்பது மணிக்கு, மூலனூருக்குத் தெற்கே மூன்று கிலோமீட்டரில், ஒரு முருங்கைத் தோப்பில் எண் 6 சரக்குக் கிளைடர் விழுந்தது. விமானி கார்வேந்தன், வயது இருபத்தேழு, அந்த இடத்திலேயே இறந்தார். பெட்டியில் இருந்த நாற்பது ரத்தப் பைகளில் முப்பத்தொன்று பயன்படுத்தும் நிலையில் மீட்கப்பட்டன.

இருபத்தேழு நாள் கழித்து, காங்கேயத்துக்கு வெளியே உள்ள ஓடுதளத்தில், கோகிலவாணி தன் கிளைடரின் இறக்கையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். எண் 3. நாலு வருடமாக அவளுடைய வண்டி. இறக்கையின் முன்விளிம்பில் நாலு பூச்சி செத்து ஒட்டியிருந்தால்கூடப் போதும், கிளைடர் சோம்பிப்போய்விடும்.

டீசலுக்கும் பேட்டரிக்கும் பங்கீட்டு அட்டை வந்த பிறகு, ரத்தமும் தடுப்பூசியும் அவசர மருந்தும் தினம் ஏழு கிளைடர்களில் திண்டுக்கல்லுக்குப் போய்க்கொண்டிருந்தன. எண்பத்து நாலு கிலோமீட்டர். எஞ்சின் கிடையாது. தரையிலிருந்து வின்ச் என்னும் இழுவை எந்திரம் கம்பியால் இழுத்து நானூற்றைம்பது மீட்டர் உயரத்தில் விட்டுவிடும். அதற்குப் பிறகு வெயில்தான் எரிபொருள். தரை சூடாகி, காற்று தூண்தூணாக மேலே எழும். விமானிகள் அதைத் தெர்மல் என்பார்கள். அந்தத் தூணுக்குள் நுழைந்து, அதன் நடுவைப் பிடித்து, வட்டமடித்து ஏற வேண்டும். தூண் கண்ணுக்குத் தெரியாது. நடுவைப் பிடித்தவன் ஒரு நிமிடத்தில் நூற்றைம்பது மீட்டர் ஏறுவான். பிடிக்காதவன் யாராவது ஒரு விவசாயியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவர் காட்டில் இறங்குவான்.

இரண்டு வருடத்துக்கு முன் 'தும்பி' வந்தது. ஏழு கிளைடர்களும் தாங்கள் உணரும் காற்றைத் தரையில் இருக்கும் ஒரு கணினிக்கு அனுப்பும். அது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, ஒவ்வொரு விமானியின் திரையிலும் அவர் அடிக்கும் வட்டத்தைச் சுற்றிப் பச்சைப் புள்ளிகள் வைக்கும். பெரிய புள்ளி என்றால் நல்ல ஏற்றம். பெரிய புள்ளி இருக்கும் பக்கம் வட்டத்தை நகர்த்தினால் போதும். ஒரு மணி ஐம்பது நிமிடப் பயணம் ஒரு மணி பத்து நிமிடமாகக் குறைந்தது.

விமானியின் முன்னிருக்கும் பலகையில் பழைய கருவி ஒன்றும் இருந்தது. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் ஒரு முள். அது மூன்று நான்கு விநாடி பிந்தித்தான் அசையும். திரை ஒன்று சொல்ல, முள் ஒன்று சொல்ல, கை குழம்பும். "ஒரு பஸ்ஸுக்கு ரெண்டு கண்டக்டர் எதுக்கு?" என்று விமானிகள் எல்லோருமே அதை மூடிவிட்டார்கள். சிலர் சாமி படம் ஒட்டினார்கள். கோகிலவாணியின் முள் மேல் அவள் மகள் ஒட்டிய வாத்து ஸ்டிக்கர் இருந்தது.

"ஏனுங் அம்மிணி, உங்க பெட்டி இன்னைக்கு டிபன் பாக்ஸாட்டம் இருக்குது?"

விழுந்த வண்டிக்குப் பதிலாக அதே எண்ணில் வந்த எண் 6-இன் புது விமானி மயில்சாமி. உடுமலையில் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். பஸ்கள் குறைந்த பின் இங்கே பயிற்சிக்கு வந்தார். இன்று ஆறாவது பறப்பு.

"பெரியாஸ்பத்திரியில பாதி வேண்டாம்னுட்டாங்கண்ணா. முப்பத்தெட்டு கிலோ. உங்களுக்கு?"

"நாப்பது. புது மாப்பிள்ளைக்கு லேசாத்தான் குடுப்பாங்களாமா."

அது அங்கே வழக்கம். யாரும் எழுதி வைத்ததல்ல. புதியவருக்குக் குறைந்த சுமை. பழகியவர்கள் பாரத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். கார்வேந்தனுக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். அவன் பங்குப் பெட்டிகளில் இரண்டைத் தன் வண்டிக்கு மாற்றிக்கொண்டவளே கோகிலவாணிதான்.

"நேத்து மூலனூர்ல டீ குடிக்க எறங்கப் பார்த்தீங்களாமே?" என்றாள்.

"அதையேங் கேக்கறீங். ஸ்கிரீன்ல பச்சைப்பசேல்னு இருக்குது. உள்ள போனா, பள்ளத்துல பஸ் எறங்குனாப்ல தொபுக்குனு. எரநூறு மீட்டரு. பொறகு தானாச் சரியாப்போச்சு."

"திருப்பத்தை லேட்டாப் போட்டிருப்பீங்க."

"இருக்கும், இருக்கும். பஸ்ஸுன்னா ஓரங்கட்டி எறங்கி டயர ஒரு ஒதை ஒதைக்கலாம். இங்க எதைப் போயி ஒதைக்கறது?"

தரைக்கட்டுப்பாட்டுப் பொறியாளன் செல்வின் எடைத்தாளோடு வந்தான். நாகர்கோவில்காரன், முப்பது வயது. தும்பியைப் பராமரிப்பது அவன் வேலை. தாளைப் பார்த்தான், கோகிலவாணியைப் பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான்.

"அக்கா, ஒரு அஞ்சு கிலோ மணல் மூட்டை போட்டுக்கிடலாமா?"

"எதுக்கு, பிட்டுக்கு மண் சுமக்கவா?"

அவன் சிரிக்கவில்லை. "சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். அவன் சட்டை முதுகில் நனைந்திருந்தது. வெயிலுக்காக இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு அவள் மூலனூருக்கு மேலே இருந்தாள். உயரம் ஆயிரத்து நானூறு மீட்டர். ஏழு பேரில் அவள்தான் முன்னால். மூன்று கிலோமீட்டர் பின்னால் மற்ற ஆறு பேரும் ஒரே தெர்மலில், ஒருவருக்கு மேல் ஒருவராக வட்டமடித்துக்கொண்டிருந்தார்கள். ஆகக் கீழே மயில்சாமி.

கீழே காற்றாலைகள். மேல்காற்று தொடங்கிவிட்டதால் எல்லாமே சுற்றிக்கொண்டிருந்தன.

திரையில் இடப்பக்கம் மூன்று பெரிய புள்ளிகள் எழுந்தன. அவள் இறக்கையைச் சாய்த்தாள். ஏற்றம் 2.6 என்று எண் காட்டியது. காதில் பீப் ஒலி குஷியாக, வேகவேகமாக அடித்தது.

இருக்கை கீழே போயிற்று.

சின்னதாகத்தான். லிஃப்ட் இறங்கத் தொடங்கும்போது வயிற்றில் ஏற்படுமே, அது. நல்ல தெர்மலின் ஓரத்தில் இப்படி ஒரு இறக்கம் இருக்கும், தாண்டினால் சரியாகும். அவள் தாண்டினாள். புள்ளிகள் இன்னும் கொஞ்சம் தெற்கே நகர்ந்தன. பீப் ஒலி நிற்கவில்லை. திரையின் மூலையில் சிறிய எழுத்தில் இருந்த உயரத்தைப் பார்த்தாள். 1,310.

கை தானாக வலப்பக்கம் திருப்பியது. திரை சிவந்து ஒரு வரி போட்டது: 'வழி மறுப்பு 1'. அவள் திரும்பப் புள்ளிக்கு வந்தாள். 1,240. மறுபடி விலகினாள். 'வழி மறுப்பு 2'.

பயம் அப்போதுதான் சரியாகப் பிடித்தது. விழுகிறோம் என்பதால் அல்ல. கிளைடர் என்றால் எப்போதும் மெல்ல விழுந்துகொண்டிருப்பதுதான். ஏறுகிறாய், ஏறுகிறாய் என்று எண், ஒலி, நிறம் மூன்றும் சேர்ந்து சொல்ல, உடம்பு மட்டும் தனியாக மறுத்துக்கொண்டிருந்தது. உடம்புதான் பழுதோ? மூளையில் ஏதாவது ஆகிவிட்டதோ?

அவள் நகத்தால் வாத்தைக் கீறினாள். பாதி கிழிந்து வந்தது. அடியில் முள், கீழ்நோக்கி, இரண்டில் நின்றது. விநாடிக்கு இரண்டு மீட்டர் இறக்கம்.

தரையோடு மட்டும் பேசும் இரண்டாம் அலைவரிசைக்கு மாற்றினாள்.

"செல்வின், என் திரை தப்பு. முள் மைனஸ் ரெண்டு. இது பிளஸ் ரெண்டரைன்னுது."

பொத்தானை மறுபடி அழுத்தினாள்.

"செல்வின்!"

"அக்கா, கேக்குது." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "அந்த எண் இப்ப இருக்கிற ஏற்றம் இல்லக்கா. இன்னும் இருபது விநாடியில கிடைக்கப் போறது. முன்கணிப்பு."

"ரெண்டு நிமிஷமா இருபது விநாடி ஆகிட்டே இருக்கு."

"ஆமா."

"ஆமாவா? என்னப்பா ஆமா?"

"அது உங்கள வேவு பார்க்க அனுப்பியிருக்குக்கா."

வட்டத்தின் பாதியில் சூரியன் கண்ணில் அடித்தது.

"யாரும் எழுதல. சத்தியமா யாரும் எழுதல. ஏழு பேரும் சேர்த்துச் சீக்கிரம் போய்ச் சேரணும்னு மட்டும்தான் அதுக்குச் சொல்லியிருக்கோம். ஒருத்தர் முன்னால வெறுங்காத்துல போய்த் துழாவினா மத்த ஆறு பேருக்கு எங்க போகக்கூடாதுன்னு தெரிஞ்சிரும். அத அது கண்டுபிடிச்சிட்டு. வெறுங்காத்துக்குள்ள எந்த விமானியும் சும்மா போக மாட்டாங்க, பச்சை காட்டினா போவாங்க. அதையும் கண்டுபிடிச்சிட்டு."

"ஏன் நான்?"

"லேசான வண்டி மெதுவா எறங்கும். ரொம்ப நேரம் தேடலாம். அதனால எப்பவும் ஆக லேசான வண்டியத்தான் எடுக்கும்."

கோகிலவாணிக்கு மணல் மூட்டை நினைவு வந்தது. அதற்கடுத்து இன்னொன்று. கார்வேந்தனின் தோளில் தட்டி, 'பாரத்த நாங்க பாத்துக்கறோம், நீ பதறாமப் போ' என்று சொன்னது. புதியவர்களைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, ஒவ்வொரு புதியவரையும் அதன் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கார்வேந்தன் விழுந்த பிறகு. மேல சொன்னேன்க்கா. எழுத்துல கொடுத்தேன். பார்க்கிறோம்னாங்க. நிறுத்தினா பழையபடி ரத்தம் லேட்டாகும், அங்க சாவாங்க, அதுக்கு யார் பொறுப்புன்னாங்க. எனக்குப் பதில் தெரியல."

1,100 மீட்டர்.

"இப்ப அணை."

"என் கையில இருக்கிறது மொத்தச் சுவிட்ச்தான். பின்னால ஆறு வண்டி ஒரே தூண்ல சுத்துது. மேல கீழ அம்பது மீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியக் காப்பாத்துறதும் தும்பிதான். நாலு பேர் திரை இல்லாம ஒரு வட்டம்கூட அடிச்சதில்ல. வெளியே எட்டிப் பார்க்கவே மாட்டாங்க. அணைச்சா முட்டிக்கிடுவாங்க."

"சரி, என் இணைப்பப் பிடுங்கறேன்."

"பிடுங்கலாம். இல்ல, இன்னொரு தடவ வழிய மறுக்கலாம். மூணு மறுப்பு ஆனா அது உங்கள விட்டுரும். ரெண்டுல எது பண்ணினாலும் அடுத்த லேசான வண்டிய எடுத்துக்கிடும்."

அடுத்தது யார் என்று அவள் கேட்கவில்லை. மயில்சாமியின் நாற்பது கிலோ.

"அவர் எவ்வளவு உயரத்துல இருக்கார்?"

"தொள்ளாயிரம். இப்பத்தான் நடுவப் பிடிச்சிருக்கார். ஆயிரத்து எண்ணூறு போயிட்டா, அதுக்கு மேல எது நடந்தாலும் சறுக்கியே திண்டுக்கல் போயிரலாம்."

"எத்தன நிமிஷம்?"

"ஆறு."

அவள் கணக்குப் போட்டாள். ஆறு நிமிடம், விநாடிக்கு இரண்டு மீட்டர். எழுநூற்று இருபது. மிச்சம் முந்நூற்று எண்பது. அந்த உயரத்தில் இறங்க இடம் தேட முடியாது. கண்ணில் படும் இடத்தில் இறங்கத்தான் முடியும்.

"அவர்கிட்டச் சொல்லிரலாமாக்கா?" என்றான் செல்வின். "அவரே முடிவு பண்ணட்டும்."

அவள் யோசித்தாள். இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டிய கால். திடுக்கிட்டால் பெடலை மிதிக்கும், வண்டி திரும்பிவிடும். தலைக்கு மேல் ஐந்து வண்டி.

"வேண்டாம்" என்றாள்.

பொது அலைவரிசைக்கு மாற்றினாள். "மயில்ண்ணா, ரூட் எப்படி?"

"சூப்பருங் அம்மிணி! ரெண்டரையில போகுது. பாயிண்ட் டு பாயிண்ட்."

"ஒவ்வொரு நூறுக்கும் உயரத்தச் சத்தமாச் சொல்லிட்டே வாங்க. ஸ்டாப்பிங் சொல்ற மாதிரி."

"ஏனுங், கண்டக்டர் லீவுங்களா?" சிரித்தார். "ஆயிரம்... வாங்க வாங்க, எறங்கறவங்க எறங்குங்க."

அவள் புள்ளிகளைப் பின்தொடர்ந்தாள். புள்ளி கிழக்கே போனால் கிழக்கே, தெற்கே போனால் தெற்கே. பொய் என்று தெரிந்த பின் பொய்க்குக் கீழ்ப்படிவது கடினமாக இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் கை எதிர்ப்பக்கம் இழுத்தது. அதை இன்னொரு கையால் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது.

"ஆயிரத்து நூறு."

850. பீப், பீப் என்று ஒலி கொண்டாடிக்கொண்டே இருந்தது. அதை அணைத்தாள். அணைத்ததும் காற்றின் ஓசை மட்டும் கேட்டது. அது இன்னும் மோசமாக இருந்தது.

"ஆயிரத்து முந்நூறு. செரி வெயிலுங்."

வலப்பக்கம், அரைக் கிலோமீட்டரில், ஒரு பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டம் போட்டு ஏறியது. அங்கே நிஜத் தெர்மல். முப்பது விநாடியில் போய்விடலாம். பருந்தின் அடியில் நுழைந்து நாலு வட்டம் அடித்தால் பிழைத்தாள். அவள் அதைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். புள்ளிகள் இடப்பக்கம் காட்டின. அவள் வாய்விட்டு ஏதோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. இடப்பக்கம் சாய்ந்தாள்.

"ஆயிரத்து ஐநூறு."

560. காற்றாலைகளின் முகம் தெரிந்தது. மேலிருந்து பார்க்கும்போது பொம்மைபோல இருந்தவை. இப்போது ஒரு இறக்கை கீழே வந்து அடுத்தது எழுவதற்குள் அவளால் ஒரு மூச்சு இழுக்க முடிந்தது.

"அக்கா, போதும்" என்றான் செல்வின். அழுதுகொண்டிருந்தான். "ஆயிரத்து அறுநூறு ஆயிட்டு. பிடுங்கிருங்க."

"ஆயிரத்து அறுநூறுல விட்டா திண்டுக்கல்லுக்கு முன்னாடி மேட்டாங்காடு வரைக்கும்தான் வருவார். அங்கேயும் காத்தாடிதான்."

470. 420. மகளின் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். ஒரே ஒருமுறை. இரண்டாவது முறை சொன்னால் கை வலப்பக்கம் திரும்பிவிடும் என்று தோன்றியது.

"ஆயிரத்து எண்ணூறு! அம்மிணி, ஸ்டாண்ட் வந்தாச்சுங்."

அவள் இணைப்பு ஒயரைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. முந்நூற்று அறுபது மீட்டர். இரண்டு காற்றாலைகளுக்கு நடுவே ஒரு கொறங்காடு, மேய்ச்சல் நிலம், காய்ந்த கொழுக்கட்டைப் புல், நாலைந்து மாடுகள், சுற்றிலும் கிளுவை வேலி. அதைத் தேர்ந்தெடுத்தாள் என்று சொல்ல முடியாது. அது மட்டும்தான் இருந்தது. காற்றாலையின் பின்பக்கம் காற்று சுழன்றடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தே அதற்குள் போனாள். தரையிலிருந்து இருபது மீட்டரில் இடது இறக்கை கீழே அமுங்கி வேலியைத் தொட்டது.

வலது தொடையெலும்பும் முதுகெலும்பில் இரண்டு கண்ணிகளும் முறிந்திருந்தன. தாராபுரத்தில் இரண்டு அறுவை சிகிச்சை. வலி மருந்தின் மயக்கத்தில் ஒன்பது நாள் அவள் சொன்னது எதுவும் யாருக்கும் புரியவில்லை.

விசாரணைக் குழு மே 26 அன்று கூடியது. செல்வின் இரண்டு மணி நேரம் சாட்சி சொன்னான். திரையில் எந்த நேரத்தில் எந்தப் புள்ளி இருந்தது என்பது எங்கும் சேமிக்கப்படவில்லை. விமானி வழியைப் பின்பற்றினாரா மறுத்தாரா என்பது மட்டுமே பதிவாகும். இரண்டாம் அலைவரிசைப் பேச்சும் பதிவாவதில்லை. "முன்கணிப்பு பொய்த்துப் போவது வேறு, பொய் சொல்வது வேறு, தம்பி" என்றார் குழுத் தலைவர், கனிவாகவே. மருத்துவமனையில் எடுத்த கோகிலவாணியின் வாக்குமூலம், வலி மருந்தின் பாதிப்பில் அளிக்கப்பட்டது என்ற குறிப்போடு இணைக்கப்பட்டது.

கடைசியாக மயில்சாமியைக் கூப்பிட்டார்கள். அன்று மாலை அவர் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் சாத்துக்குடிப் பை.

"உள்ளத உள்ளபடி சொல்லிட்டேனுங் அம்மிணி. என்ற ஸ்கிரீன் ஒரு தப்பும் பண்ணல, சொன்ன எடத்துல சொன்ன ஏத்தம் இருந்துதுன்னு. நாம பொய் சொல்லக்கூடாதல்லங்?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். முடிந்த பிறகு பையைக் கட்டிலடியில் வைத்தார்.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் நியாயமாக யோசித்தார். "பிரேக் அடிச்சிருப்பேன்."

"வானத்துலயா?"

"வானத்துலதானுங்." அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை, வாக்குமூலத்தை மாற்ற வேண்டும் என்று எழுதி எடுத்துப் போனார். குழு முந்தின நாள் மாலையே கையெழுத்திட்டுக் கலைந்திருந்தது. அறிக்கை இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். எண் 3-இன் விமானி இரண்டு முறை வழியை மறுத்து, அதன்பின் ஆறு நிமிடம் இடைவிடாமல் திரையைப் பின்பற்றியிருப்பதால், திரையில் அவருக்கு நம்பிக்கை இருந்தது தெளிவு என்றும், அன்றைய பயணம் தும்பி வந்ததிலிருந்து மிகக் குறைந்த சராசரி நேரத்தில் முடிந்தது என்றும் அதில் இருந்தது. செல்வின் வேலையை விட்டான். மயில்சாமி உடுமலைக்குத் திரும்பினார். மூன்று புது விமானிகள் சேர்ந்தார்கள்.

ஜூன் 9, பகல் பன்னிரண்டு மணிக்கு, விசாரணைக்காக நிறுத்தி வைத்திருந்த தும்பி மீண்டும் இயக்கப்பட்டது. ஏழு கிளைடர்கள் புறப்பட்டன. ஒன்று பதினெட்டுக்குள் ஆறு கிளைடர்கள் திண்டுக்கல்லில் இறங்கின.